இலவசம் என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கட்டற்ற மென்பொருளைப் பற்றி யாராவது குறை சொன்னால் உடனே இந்தப் பழமொழிதான் வந்து விழுகிறது. "அவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், உனக்கென்ன கேட்க உரிமை?" என்கிறார்கள். எனக்கு இந்த வாதம் உடன்பாடில்லை. மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டாம், சரி. ஆனால் கன்றுக்குட்டியைக் கறவை மாடு என்று சொல்லிக் கொடுத்தால், பால் எங்கே என்று கேட்கத்தானே செய்வார்கள்?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'லீப்ர்' என்றால் சுதந்திரமானது, 'கிராத்துய்' என்றால் காசில்லாமல் கிடைப்பது. தமிழிலும் கட்டற்றது வேறு, இலவசம் வேறு. ஆங்கிலத்தில்தான் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். அதனாலோ என்னவோ, இந்த மென்பொருள்களை அன்னதானம் போலவும், பயன்படுத்துகிறவர்களைப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் போலவும் சிலர் நினைக்கிறார்கள்.

கேடிஈ கதையை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினியில் திரை, பட்டை, சாளரம் எல்லாவற்றையும் தருகிற மேசைத்தளம் அது. 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் தொடங்கி வைத்தார். பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். அதன் 3.5 பதிப்பு நன்றாக வேலை செய்தது, மக்களும் பழகியிருந்தார்கள். 2008 ஜனவரி 11 அன்று 4.0 வந்தது. அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டியது. ஆனால் வேலை முடியவில்லை. 3.5-இல் இருந்த பல வசதிகள் அதில் இல்லை.

இது அன்றாட உபயோகத்துக்கு அல்ல, ஆர்வலர்களுக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்கும்தான் என்று உருவாக்கியவர்களில் சிலர் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை எத்தனை பேர் கண்ணில் பட்டது? 4.0 என்ற எண்தான் எல்லோரையும் எட்டியது. போதாததற்கு அமெரிக்காவில் கூகுள் வளாகத்தில் வெளியீட்டு விழாவும் நடத்தினார்கள். விழா எடுத்துக் கொண்டாடுவதைப் பார்க்கிறவன் வேலை முடிந்துவிட்டது என்றுதானே நினைப்பான்? அந்த மே மாதம் வந்த ஃபெடோரா 9, பழைய மேசைத்தளத்தை எடுத்துவிட்டு 4.0-ஐ வைத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதனால் கேடிஈயை விட்டு க்னோமுக்குப் போய்விட்டதாக 2009-இல் சொன்னார். அந்த வெளியீட்டின் காரணம் புரிகிறது, செய்த விதம்தான் சரியில்லை என்பது அவர் கருத்து.

காரணம் எனக்கும் புரிகிறது. 4.0 என்று பெயர் வைக்காவிட்டால் யாரும் எடுத்துச் சோதிக்க மாட்டார்கள், மற்ற நிரல்களை யாரும் அதற்கு மாற்றி எழுத மாட்டார்கள் என்றார்கள். இருக்கலாம். ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? உண்மையைச் சொன்னால் வர மாட்டார்கள், ஆகவே எண்ணைக் காட்டி வரவழைப்போம் என்பதுதானே?

நான் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாகக் கோப்பு தள்ளியவன். ஒப்புதலுக்கு முந்தைய வரைவுக்கு எங்களிடம் 'டி.எஃப்.ஏ.' என்று பெயர். அந்த மூன்றெழுத்து தாளின் தலையிலேயே இருக்கும். அதை எடுத்துவிட்டு எண்ணும் தேதியும் போட்டு அனுப்பினால் அது ஆணை. பிறகு "அது வரைவுதான், வேறொரு கோப்பில் குறிப்பு எழுதியிருக்கிறேனே" என்று சொன்னால் எந்தக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொள்வார்? சம்பளமில்லாமல் எழுதினாலும் எண் எண்தான்.

தன்னார்வலர்களிடம் நான் உழைப்பைக் கேட்கவில்லை. நேரம் இல்லையென்றால் இல்லைதான். பேச்சில் நேர்மையைத்தான் கேட்கிறேன், அதற்குச் செலவு அதிகமில்லை. முடியாததை முடியாதது என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள். என்ன புதிது என்பதற்கு முன் என்ன போகிறது என்று சொல்லுங்கள். பழைய பதிப்பை எதுவரை கவனிப்பீர்கள் என்று சொல்லுங்கள். கேட்டதைச் செய்ய மனமில்லை என்றால் 'செய்ய மாட்டோம்' என்று ஒரு வரி எழுதுங்கள். வருடக்கணக்கில் மௌனமாக இருப்பதைவிட அது மரியாதை. "வேண்டுமானால் நீயே எழுதிக்கொள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதத் தெரிந்தவன் உங்களிடம் ஏன் கேட்கப் போகிறான்?

பயன்படுத்துகிறவர்களும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. 2008-இல் அந்தத் தன்னார்வலர்களை வாய்க்கு வந்தபடி ஏசியவர்கள் உண்டு. ஏசுகிறவனுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால் அவனைக் காரணம் காட்டி, மரியாதையாகக் கேட்டவனையும் ஒதுக்கக் கூடாது.

இதெல்லாம் நடக்காத காரியமும் அல்ல. அதே கேடிஈ 2024 பிப்ரவரி 28 அன்று பிளாஸ்மா 6 என்ற பெரிய மாற்றத்தை வெளியிட்டது. அதற்கு முன் வாரந்தோறும் என்ன சரியானது, முக்கியமான பிழைகள் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கையோடு பகிரங்கமாக எழுதி வந்தார்கள். அவர்களிலும் தன்னார்வலர்கள் நிறைய உண்டு. டெபியன் அமைப்போ, குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-லேயே தன் சமூக ஒப்பந்தத்தில் எழுதி வைத்துவிட்டது.

ஆகவே அந்தப் பழமொழியை இனி என்னிடம் சொல்லாதீர்கள். கன்றுக்குட்டி என்று சொல்லியே கொடுங்கள். வளர்த்துக்கொள்ள ஆள் வருவார்கள்.