செகண்ட் ஹேண்ட் சிலேட்டு!

போன வாரம் அரியர் புலம்பல் போதும். இந்த வாரம் என்கூட ரயில் ஏறுங்க.

வீடு விழுப்புரம், காலேஜ் திண்டிவனம். நடுவுல முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். பெட்டியில எல்லாரும் செல்போன்ல ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்க, நான் மட்டும் சாம்பல் கலர் பலகை ஒண்ணை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பசங்க அதுக்கு வெச்ச பேரு 'சிலேட்டு'. அது என் ஈ-ரீடர், பாஸ்! 2011 மாடல். அது பொறந்தப்ப நான் ஒண்ணாங் கிளாஸ்!

பாஸ் அவுட் ஆன சீனியர் அண்ணன் ஒருத்தர் ஆயிரம் ரூபாய்க்கு என் தலையில கட்டினார். "பாடம் படிக்கத்தான்பா"னு சொல்லி அப்பாகிட்ட காசு வாங்கினேன். ஆனா நம்ம நோட்ஸ் எல்லாம் ஏ4 சைஸ் பி.டி.எஃப். ஆறு இன்ச் ஸ்க்ரீன்ல போட்டா எறும்பு ஊர்வலம்தான். சர்க்யூட் படத்துல ரெஸிஸ்டர் எது, கெபாசிட்டர் எதுன்னே தெரியலை. முதல் வாரமே ஆயிரம் ரூபாய் அம்பேல்!

சரி, கதையாவது படிப்போம்னு தமிழ் ஃபைல் ஏத்தினேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்னுச்சு. காரணம் சிம்பிள். 'கெ' எழுதும்போது நாம கொம்பை முதல்ல போடுவோம். யூனிகோட்ல 'க' முதல்ல, கொம்பு பின்னால. அதை இடம் மாத்திக் காட்டுறது சாஃப்ட்வேர் வேலை. பழைய மெஷின்கள் பலதுக்கு அந்த வித்தை தெரியாது. கிண்டில் கடையிலயே தமிழ்ப் புத்தகங்கள் முறைப்படி வந்து இறங்கினது 2016 டிசம்பர்லதான்.

அப்பதான் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் கண்ணுல பட்டுச்சு. 2013-ல தன்னார்வலர்கள் ஆரம்பிச்சது. எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல தர்ற புத்தகங்களை இலவசமா வெளியிடுறாங்க. அதுலயே 'ஆறு இன்ச் பி.டி.எஃப்'னு தனியா ஒண்ணு உண்டு. பக்கமே நம்ம ஸ்க்ரீன் அளவு. எழுத்தோட வடிவம் ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிருக்கறதால, கொம்பு எங்கேயும் ஓடாது. முகம் தெரியாத யாரோ நம்ம ஓட்டை மெஷினையும் நினைச்சுப் பார்த்திருக்காங்களேனு நெகிழ்ந்துட்டேன். பழைய இலக்கியத்துக்கு 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் இருக்கவே இருக்கு.

ஜன்னலோர வெயில்லயும் சிலேட்டு பளிச். உள்ளே இருக்கறது முடி தடிமன் அளவு குட்டிக் குட்டிக் குமிழிகள். அதுக்குள்ள கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் மாறினா ஒண்ணு மேலே வரும், இன்னொண்ணு கீழே போகும். பக்கம் புரட்டும்போதுதான் கரன்ட் செலவு. அதனாலதான் இந்தத் தாத்தா இன்னமும் ஒரு சார்ஜ்ல நாலு நாள் தாங்குறார்.

நீங்களும் பழசு வாங்குறீங்களா? ஸ்க்ரீன்ல கோடு விழுதா பாருங்க. பழைய ஓனர் தன் கணக்கை நீக்கிட்டாரா கேளுங்க. கெட்டி அட்டை உறை கட்டாயம். டிபன் பாக்ஸ் அழுத்தி ஸ்க்ரீன் உடைஞ்சா, சரி பண்ற காசுல இன்னொண்ணு வாங்கிடலாம்!

இனிதான் மேட்டர். எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னால தொடர்கதைகளைக் கிழிச்சு பைண்டிங் பண்ணி வெச்சவங்க. அப்புறம் அடுப்பு, நாங்க, கண் மங்கல்னு படிக்கறதே நின்னுபோச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை ஏத்தி, பக்கத்தைப் படுக்கவெச்சு அவங்க கையில கொடுத்தேன். எழுத்து பெருசாச்சு. "கண்ணு கூசலைடா"ன்னாங்க. அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு மூணு மணிக்கு!

அப்பா வந்தார். "அது இவன் பாடம் படிக்க வாங்கினதாச்சே?"

எனக்கு வேர்த்துப்போச்சு. அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாங்க: "நான் படிக்கிறேன், விடுங்க."

அப்பா ஒண்ணும் பேசலை. ராத்திரி நானே உண்மையைச் சொல்லிட்டேன். "தெரியும்டா"ன்னார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ரயில்ல என் கை காலி. சிலேட்டு வீட்டுல. அம்மா இன்னும் முதல் பாகம் முடிக்கலை!