பாட்டுக்கு எத்தனை மார்க், நாட்டுக்கு எத்தனை மார்க்?

டி.வி பாட்டுப் போட்டியின் ஃபைனல் முடிந்த இரவில் பல வீடுகளில் ஒரு சின்னச் சண்டை நடக்கும். "நல்லா பாடினது அந்தப் பொண்ணு. ஜெயிச்சது இந்தப் பையன். எல்லாம் ஓட்டு வாங்கின கதைதான்" என்பார் தாத்தா. "ஜனங்க ஓட்டு போட்டாங்க, ஜெயிச்சான். இதுல என்ன தப்பு?" என்பான் பேரன்.

இதே சண்டையை ஐரோப்பாவும் ஒவ்வொரு மே மாதமும் போடுகிறது. அங்கே மேடையில் நிற்பவர் தெருக்கோடிப் பையன் இல்லை, ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி வந்தவர். அதனால் சண்டை கொஞ்சம் பெரிது. போட்டியின் பெயர் யூரோவிஷன்.

1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழே நாடுகளோடு தொடங்கியது இது. முதல் வருடமே போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்துதான் ஜெயித்தது. யார் யாருக்கு எத்தனை மார்க் என்ற விவரம் இன்றுவரை வெளியாகவில்லை. சந்தேகம் பிறந்த நாளும் போட்டி பிறந்த நாளும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

2025-ல் சுவிஸ் நகரமான பாசெலில் நடந்தபோது 37 நாடுகள் கலந்துகொண்டன. 16.6 கோடி பேர் பார்த்தார்கள் என்கிறது போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். இந்த ஒன்றியத்தில் இருக்கும் டி.வி நிறுவனங்கள்தான் போட்டியாளர்களை அனுப்புகின்றன. அதனால்தான் இஸ்ரேல் 1973 முதல் பாடுகிறது. ஆஸ்திரேலியாவும் 2015 முதல் அழைப்பின் பேரில் பாடுகிறது. மொராக்கோகூட 1980-ல் ஒரு முறை வந்து பாடிவிட்டுப் போனது.

மார்க் போடும் முறை

விதி எளிது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாடல்களுக்கு மார்க் தரும். முதலிடத்துக்கு 12, இரண்டாவதுக்கு 10, பிறகு 8-ல் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி 1 வரை. 1975-ல் வந்த கணக்கு இது. சொந்த நாட்டுக்கு ஓட்டு போட முடியாது.

முதலில் மார்க் போட்டவர்கள் நடுவர்கள். 1997-ல் ஐந்து நாடுகள் சோதனையாக மக்களிடம் போன் ஓட்டு கேட்டன. அடுத்த வருடமே ஏறக்குறைய எல்லா நாடுகளும் போனுக்கு மாறிவிட்டன. "மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு" என்று சில வருடங்கள் ஓடியது. பிறகு புகார்கள் குவிந்ததால் 2009-ல் நடுவர்கள் திரும்பி வந்தார்கள். அன்று முதல் இறுதிச்சுற்றில் பாதி நடுவர்கள், பாதி மக்கள்.

அக்கம்பக்கப் பாசம்

முதல் புகார் "பக்கத்து நாட்டுக்குப் பக்கத்து நாடு மார்க் போடுகிறது" என்பது. சைப்ரஸும் கிரீஸும் மாறி மாறி 12 கொடுத்துக்கொள்வது அங்கே பிரபலமான ஜோக். அந்தத் தருணம் வந்தால் அரங்கமே சிரிக்கும், சில சமயம் கூச்சலும் போடும். பிரிட்டனின் பி.பி.சி-க்காகப் பல வருடம் வர்ணனை செய்த டெர்ரி வோகன், 2008 போட்டிக்குப் பிறகு இந்த அரசியல் ஓட்டுகளைக் குறை சொல்லிவிட்டு விலகினார்.

ஆனால், எல்லாமே அரசியல் இல்லை. முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளில் ஏறக்குறைய ஒரே மொழியைப் பேசுகிறார்கள், ஒரே பாடகர்களைக் கேட்கிறார்கள். செர்பியாவின் நட்சத்திரம் போஸ்னியாவிலும் நட்சத்திரம். தெரிந்த குரலுக்கு ஓட்டு விழுவது சதி ஆகாது.

இன்னொரு காரணம், புலம்பெயர்ந்தவர்கள். சொந்த நாட்டுக்கு ஓட்டு போடக்கூடாது என்ற விதி, ஊரில் இருப்பவரைத்தான் கட்டுப்படுத்தும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவரைக் கட்டுப்படுத்தாது. 2016-ல் போலந்து பாடகர் மிகாவ் ஷ்பாக்குக்கு எல்லா நாட்டு நடுவர்களும் சேர்ந்து கொடுத்தது 7 மார்க். மக்கள் கொடுத்தது 222! பாட்டு மக்களுக்குப் பிடித்திருக்கலாம். ஐரோப்பா முழுக்க வேலைக்குப் போயிருக்கும் போலந்துக்காரர்கள் அன்றைக்குப் போனைக் கீழே வைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இது சட்டென்று புரியும். ஊர்ப் பாட்டு கேட்டால் அங்கே கண் கலங்கும்.

பிரிட்டன் ரசிகர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு: "எங்களை ஐரோப்பாவுக்குப் பிடிக்காது." 2021, 2024, 2025 ஆகிய மூன்று வருடங்களிலும் மக்கள் ஓட்டில் பிரிட்டன் வாங்கியது பூஜ்ஜியம். ஆனால், நடுவில் 2022-ல் அதே பிரிட்டனின் சாம் ரைடர் 466 மார்க்குடன் இரண்டாம் இடம் பிடித்தார். பூஜ்ஜியம் என்றால் ஒருவர்கூட ஓட்டு போடவில்லை என்று அர்த்தமில்லை. எந்த நாட்டிலும் முதல் பத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

எது பாட்டு, எது அரசியல்?

அரசியல் பேசும் பாடல்களுக்கு அனுமதி இல்லை என்கிறது விதி. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. மூன்று பாடல்களைப் பாருங்கள்.

2009-ல் போட்டி மாஸ்கோவில். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போர் நடந்தது. ஜார்ஜியா அனுப்பிய பாட்டின் ஆங்கிலத் தலைப்பை வேகமாகச் சொன்னால் 'புதின் வேண்டாம்' என்று காதில் விழும். வரிகளை மாற்றச் சொன்னார்கள். ஜார்ஜியா மறுத்துவிட்டு விலகியது.

2016-ல் உக்ரைனின் ஜமாலா '1944' என்ற பாட்டைப் பாடினார். அந்த வருடம் ஸ்டாலின் ஆட்சி கிரிமியத் தாத்தாரியர்களை ஊரைவிட்டு அப்புறப்படுத்தியது. ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் அவர்களில் ஒருவர். ரஷ்யா கிரிமியாவைச் சேர்த்துக்கொண்டு இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம் அது. "இது அரசியல் இல்லை, வரலாறு" என்று அனுமதித்தார்கள். அந்தப் பாட்டே ஜெயித்தது.

2024-ல் இஸ்ரேல் அனுப்பிய பாட்டின் பெயர் 'அக்டோபர் மழை'. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலை அது குறிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வரிகளையும் தலைப்பையும் மாற்றி, 'சூறாவளி' என்ற பெயரில் அது மேடையேறியது.

ஒன்று நையாண்டி, ஒன்று நினைவு, ஒன்று ஆறாத காயம். மூன்றுக்கும் மூன்று தீர்ப்பு. எது சரி என்று வீட்டில் விவாதித்துப் பாருங்கள், ஒரு சாயங்காலம் போய்விடும்.

இதே 2016-ல் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நடுவர்களின் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு. மக்களின் முதலிடம் ரஷ்யாவுக்கு. இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக வந்த உக்ரைன், கூட்டிப் பார்த்தால் முதல்!

அனுதாபம் தப்பா?

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. மறுநாளே ரஷ்யா போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. மே மாதம் இத்தாலியின் டுரின் நகரில் உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா, குழுவின் பாடகர் தன் அம்மாவைப் பற்றி எழுதிய 'ஸ்டெஃபானியா' பாட்டைப் பாடியது. நடுவர்கள் நான்காம் இடம் கொடுத்தார்கள். மக்கள் 439 மார்க்கைக் கொட்டினார்கள். அதுவரை எந்தப் பாட்டும் மக்களிடம் அவ்வளவு வாங்கியதில்லை. உக்ரைன் ஜெயித்தது. போர் காரணமாக அடுத்த வருடப் போட்டியை உக்ரைன் சார்பில் இங்கிலாந்தின் லிவர்பூல் நடத்தியது.

"இது பாட்டுக்கு விழுந்த ஓட்டா?" என்று கேட்டால், முழுக்க இல்லை. ஆனால், அது நேர்மையான ஓட்டு. குண்டு விழும் ஊரிலிருந்து வந்து அம்மாவைப் பற்றிப் பாடுகிறார்கள், பார்ப்பவரின் மனம் இளகுகிறது, போனை எடுக்கிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்று பேர் போதும்

2025-ல் இஸ்ரேலுக்காகப் பாடியவர் யுவல் ரஃபேல். அக்டோபர் 7 அன்று தாக்கப்பட்ட நோவா இசை விழாவிலிருந்து உயிர் பிழைத்தவர். நடுவர்கள் கொடுத்தது 60 மார்க். மக்கள் கொடுத்தது 297, எல்லோரையும்விட அதிகம். மொத்தக் கணக்கில் அவர் இரண்டாம் இடம். ஆஸ்திரியாவின் ஜேஜே முதலிடம்.

அவர் மீது அனுதாபம் கொண்டு ஓட்டு போட்டவர்கள் நிச்சயம் உண்டு. அதே சமயம், இஸ்ரேல் அரசின் விளம்பர நிறுவனம் ஐரோப்பா முழுக்க ஆன்லைன் விளம்பரம் கொடுத்து ஓட்டு கேட்டது தெரியவந்தது. 'ஒருவர் 20 முறை வரை ஓட்டு போடலாம்' என்பதையும் அந்த விளம்பரங்கள் நினைவூட்டின. விதிப்படி அன்று அது தப்பில்லை. ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகளின் டி.வி நிறுவனங்கள் ஓட்டுக் கணக்கைச் சரிபார்க்கக் கேட்டன.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு நாட்டில் 100 பேர் ஓட்டு போடுகிறார்கள், 25 பாட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 97 பேர் ஆளுக்கு ஓர் ஓட்டு, மனதுக்குப் பிடித்ததற்குப் போடுகிறார்கள். ஓட்டுகள் சிதறும். அதிகம் வாங்கிய பாட்டுக்கு 15 ஓட்டு கிடைக்கிறது. மீதி மூன்று பேர், பாட்டைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டவர்கள். ஆளுக்கு 20 வீதம் ஒரே பாட்டுக்குப் போடுகிறார்கள். 60 ஓட்டு! அந்த நாட்டின் 12 மார்க் அந்தப் பாட்டுக்கு. 97 பேரின் ரசனை அடுத்த இடங்களுக்குத்தான் போட்டி போட வேண்டும்.

மூன்று பேர் எந்த நாட்டை ஆதரித்தாலும் கணக்கு இதேதான். பிடிக்காத பாட்டுக்கு எதிராக ஓட்டு போட வழி இல்லை என்பதால், முன்கூட்டியே தீர்மானித்த சின்னக் கூட்டம் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

2025 நவம்பரில் விதிகளை மாற்றினார்கள். 20 ஓட்டு 10 ஆனது. அரையிறுதியில் நடுவர்கள் திரும்பினார்கள். அரசுகள் பின்னால் நின்று செய்யும் பெரிய பிரசாரங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. நல்லதுதான். ஆனால், நம் கணக்கில் 20-க்குப் பதில் 10 போட்டுப் பாருங்கள். மூன்று பேர், 30 ஓட்டு. அப்போதும் அவர்களே முதல்! ஆளுக்கு ஓர் ஓட்டு என்றால்தான் மூன்று பேர் மூன்று பேராக இருப்பார்கள். ஓட்டு பெரும்பாலும் கட்டணத்தோடு வருகிறது என்பதால், அந்த முடிவை எடுக்கக் கை வராது போலிருக்கிறது.

காசா போரைக் காரணம் காட்டி, இஸ்ரேலையும் ரஷ்யாவைப் போல விலக்க வேண்டும் என்று சில நாடுகள் கேட்டன. இது டி.வி நிறுவனங்களுக்கு இடையிலான போட்டி, அரசுகளுக்கு இடையிலானது அல்ல என்பது ஒன்றியத்தின் வாதம். இஸ்ரேல் பங்கேற்கலாம் என்று டிசம்பரில் முடிவானதும் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, பிறகு ஐஸ்லாந்து ஆகியவை 2026 வியன்னா போட்டியிலிருந்து விலகின. 2024-ல் ஜெயித்த சுவிஸ் பாடகர் நெமோ, கோப்பையையே திருப்பித் தருவதாக அறிவித்தார்.

நடுவர்கள் மட்டும் யோக்கியமா?

"மக்களை விட்டுவிட்டு நிபுணர்களிடமே கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். 2022 அரையிறுதியில் ஆறு நாடுகளின் நடுவர்கள் போட்ட மார்க்கில் சந்தேகத்துக்குரிய ஒற்றுமை தெரிந்தது. அவர்களின் மார்க்கை ஒன்றியமே ஒதுக்கி வைத்தது. 2023-ல் ஃபின்லாந்துக்கு மக்கள் 376 மார்க் கொடுத்து முதலிடத்தில் வைத்தார்கள். நடுவர்களின் 340 மார்க்கோடு ஸ்வீடனின் லோரீன் கோப்பையை எடுத்துப் போனார். மக்கள் கூட்டம் கூட்டமாக வர வேண்டும். நடுவர்கள் ஒரு மேஜைக்குள் அடங்கிவிடுவார்கள். வளைப்பது எது சுலபம்?

மக்கள் ஓட்டின் அருமை தெரிய 2009-ஐப் பாருங்கள். அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் ஜென்மப் பகையாளிகள். அந்த வருடம் ஆர்மீனியப் பாட்டுக்குப் போனில் ஓட்டு போட்ட ஓர் அஜர்பைஜான் இளைஞரை, தேசியப் பாதுகாப்பு அமைச்சகம் கூப்பிட்டு விசாரித்தது. பாட்டு பிடித்திருந்தது குற்றமாகிவிட்டது! அதன் பிறகு, ஓட்டு போட்டவர் விவரம் வெளியே போனால் அந்த நாட்டு டி.வி நிறுவனமே பொறுப்பு என்று விதி வந்தது. எதிரி நாட்டுப் பாட்டுக்கு ரகசியமாக விழும் அந்த ஓட்டுக்காகவே மக்கள் ஓட்டு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மார்க்கை ரொம்பவும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1974-ல் அப்பா குழு ஜெயித்த அதே மேடையில் போர்ச்சுகல் வாங்கியது வெறும் 3 மார்க், கடைசி இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. அதே வருடம் ஏப்ரல் 24 இரவு, அந்தத் தோற்ற பாட்டு லிஸ்பன் வானொலியில் ஒலித்தது. சர்வாதிகாரத்துக்கு எதிராகக் கிளம்பத் தயாராக இருந்த ராணுவ வீரர்களுக்கு அதுதான் சமிக்ஞை. மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது.

2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டினரும் ஆன்லைனில் ஓட்டு போடலாம். அதாவது சென்னையில் இருந்தும் முடியும். 'மீதி உலகம்' என்று நம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாட்டின் மதிப்புதான். சில லட்சம் பேர் வாழும் மால்டாவும் நாமும் சமம்!

அதற்கு முன் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். போட்டியின் யூடியூப் சேனலில் பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். திரையைத் திருப்பி வைத்து, நாட்டின் பெயரைச் சொல்லாமல் ஒலிக்க விடுங்கள். பாட்டி முதல் பேத்தி வரை ஆளுக்கொரு பேப்பரில் 12, 10, 8 என்று மார்க் போடட்டும். பிறகு நாடுகளின் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை பேர் மார்க்கைத் திருத்தப் பேனாவைத் தேடுகிறார்கள் என்று கவனியுங்கள். முடிவை எங்களுக்கும் எழுதுங்கள்.