வாங்குவது நாம், ஓட்டுவது அவர்கள்



"அம்மாவுக்கு மூன்று சக்கர பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா?"

கொஞ்ச காலமாக நமக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். அப்பாவும் அம்மாவும் ஊரில் இருப்பார்கள்.

கேள்வி வண்டியைப் பற்றியது போலத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கவலை இருக்கிறது. அது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள கவலைதான்.

அறுபது வயதைத் தாண்டியதும் முழங்கால் வலி வருகிறது. ஸ்கூட்டியை நிறுத்தும்போது கால் தடுமாறுகிறது. ஒருமுறை சாய்ந்து விழுந்தால் போதும், "இனிமே வண்டியைத் தொடாதீங்க" என்று பிள்ளைகள் சாவியை வாங்கி வைத்துவிடுகிறோம். அக்கறையால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அன்றிலிருந்து கறிவேப்பிலை வாங்கக்கூட அவர்கள் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை தீர்ந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல வேண்டும். பாங்க்குக்குப் போக மருமகளுக்கு லீவு கிடைக்க வேண்டும். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போக ஆட்டோ வர வேண்டும். கொஞ்ச நாள் கேட்பார்கள். பிறகு கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். "எனக்கு எங்கேயும் போகணும்னு இல்லப்பா" என்று அவர்கள் சொல்லும்போது, அதை நாம் அப்படியே நம்பிவிடலாமா?

சாமான்களை இப்போது ஆப்பில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உழவர் சந்தையில் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து வாங்குவதும், வழியில் பழைய சிநேகிதரோடு பத்து நிமிடம் பேசுவதும் அப்படி வீடு தேடி வருமா?

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வீடுகளுக்கு இந்த வண்டி நல்ல துணை. தாராளமாக யோசியுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஓட்டப்போகிறவர், தன் தெருவிலேயே ஓட்டிப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் பணம் கட்ட வேண்டும். ஆன்லைனில் நட்சத்திரங்களை எண்ணி, பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக அனுப்பி வைக்கிற பொருள் அல்ல இது.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்? மூன்று சக்கரம் இருந்தால் விழாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிற்கும்போது அது விழாது. மெதுவாகப் போகும்போதும் விழாது. திருப்பத்தில் கதை வேறு.

சைக்கிளும் ஸ்கூட்டரும் திரும்பும்போது நாம் அறியாமலே வண்டியோடு சேர்ந்து உள்பக்கம் சாய்கிறோம். அதனால்தான் விழாமல் திரும்புகிறோம். சாதாரண மூன்று சக்கர வண்டி சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். முப்பது வருடம் டி.வி.எஸ். 50 ஓட்டிய அப்பாவுக்குத்தான் இந்தப் பழக்கம் வர அதிக நாள் பிடிக்கும். அவர் உடம்பு சாயத்தான் பார்க்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தடுமாறினால் சட்டென்று காலை ஊன்றுவது. பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் ஓடும்போது காலைக் கீழே விட்டால், பின்சக்கரம் குதிகாலில் ஏறிவிடும். "வண்டி முழுசாக நிற்கும்வரை கால் பெடலிலேயே இருக்கட்டும்" என்பதுதான் முதல் பாடம்.

நம் சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்தில் சரிவாகத்தான் இருக்கும். இந்த வண்டி அந்தச் சரிவோடு சேர்ந்து சாய்ந்து ஓரமாகவே இழுக்கும். ஹேண்டிலை லேசாக எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பள்ளத்திலிருந்து ஒரு சக்கரத்தைத் தப்பிக்க வைத்தாலும் இன்னொன்று இறங்கிவிடும். இவையெல்லாம் பயமுறுத்த அல்ல. பள்ளி மைதானத்தில் காலை வேளையில் சில நாள் பழகினால் கைவந்துவிடும். பழகாமல் முதல் நாளே மெயின் ரோட்டுக்குப் போவதுதான் ஆபத்து.

ஜப்பானில் பெரியவர்களுக்கான மூன்று சக்கர மின் சைக்கிள்கள் ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. மோட்டார் உதவியோடு மிதிக்கும் சைக்கிளை யமஹா அங்கே 1993-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள மூன்று சக்கர மாடல்கள் பலவற்றில் முன்பகுதி திருப்பத்தில் சாயும், பின்சக்கரங்கள் இரண்டும் தரையிலேயே இருக்கும். அப்படிச் சாயும் அமைப்புள்ள வண்டி இங்கே கிடைத்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். ஸ்கூட்டர் பழகியவர்களுக்கு அது சுலபமாக இருக்கலாம்.

அடுத்து, டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். வண்டியின் பின்பக்க அகலம் எவ்வளவு, உங்கள் கேட் எவ்வளவு? வாசலில் எத்தனை படி? சைக்கிளைப் போல ஒரு கையால் தூக்கி உள்ளே வைக்க முடியாது, பேட்டரியோடு சேர்த்து கனமான வண்டி. படி இருந்தால் சரிவுப் பாதை போட்டே ஆக வேண்டும். அபார்ட்மெண்ட் என்றால் கீழே நிறுத்த இடம் இருக்கிறதா, அசோசியேஷன் ஒத்துக்கொள்ளுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ராத்திரி தெருவில் நிற்கும் வண்டி நாலு மழை பார்த்தால் தாங்காது.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்? நிறத்தையும் டிஸ்ப்ளேயையும் விட்டுவிடுங்கள். முதலில் ஏறி இறங்குவதைப் பாருங்கள். காலைத் தூக்கிப் போடாமல், புடவையோடும் வேட்டியோடும் தாண்டி உட்கார முடிகிறதா?

பிறகு பிரேக். பிரேக் பிடித்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். பார்க்கிங் பிரேக் கட்டாயம் வேண்டும். மூன்று சக்கர வண்டி சாயாதே தவிர, சரிவில் உருண்டு போய்விடும். அம்மா காய்கறிப் பையை வைத்துவிட்டு ஏறும் நேரத்தில் வண்டி நகரக் கூடாது.

கிளம்பும் விதத்தையும் கவனியுங்கள். சில வண்டிகளில் பெடலை அரைச் சுற்று மிதித்ததும் மோட்டார் வெடுக்கென்று இழுக்கும். இளைஞர்களுக்கு அது விளையாட்டு, எழுபது வயதுக்காரருக்குத் திகில். மிதிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப மெதுவாக உதவும் வண்டி இவர்களுக்கு ஏற்றது. முழங்கால் மிதிக்கவே விடவில்லை என்றால் கையால் திருகும் த்ராட்டில் வேண்டும். ரிவர்ஸ் இருந்தால் சந்துகளில் ரொம்ப உதவி.

மோட்டார் முன்சக்கரத்தில் இருந்தால், மணலிலும் ஈரத்திலும் அந்தச் சக்கரம் வழுக்கிச் சுற்ற வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பாரமெல்லாம் பின்னால் இருக்கிறது. பின்னால் இருந்தால், ஒரு சக்கரத்தை மட்டும் இழுக்கிறதா, இரண்டையுமா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் இழுத்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் போகும்.

சாமான் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ரேஷன் அரிசியைப் பின்கூடையின் அடியில் வைத்தால் வண்டி நன்றாக உட்காரும். உயரமாக அடுக்கினால் திருப்பத்தில் ஆடும். நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட முப்பது கிலோ, உயரமும் அதிகம். அதை இதில் ஏற்ற வேண்டாம்.

இனி பேட்டரி. கடைக்காரர் "அறுபது கிலோமீட்டர் ஓடும்" என்பார். நாமே கணக்குப் போட்டுவிடலாம். பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். பெரியவர் ஒருவர், கொஞ்சம் சாமான், நின்று நின்று போகும் தெரு. கிலோமீட்டருக்கு 15 முதல் 20 வாட்-அவர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 18 முதல் 24 கிலோமீட்டர். பேட்டரி பழசாக ஆக இது இன்னும் குறையும். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர அது போதாதா? தேவைக்கு மேல் பெரிய பேட்டரி வாங்கினால் விலையும் கனமும்தான் கூடும்.

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த அளவு பேட்டரியை ஒருமுறை முழுதாக ஏற்ற ஒரு யூனிட்கூட ஆகாது. பின்னால் வரும் பெரிய செலவு, புது பேட்டரிதான். இன்றைய விலை என்ன, வாரண்டி எத்தனை வருடம், பழுது பார்க்கும் ஆள் நம் ஊரில் இருக்கிறாரா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். லெட்-ஆசிட் பேட்டரி விலை குறைவு, கனமோ அதிகம், சீக்கிரமே மாற்றவும் வேண்டிவரும். பெரியவர்கள் ஓட்டும் வண்டிக்கு லித்தியமே நல்லது, அதிலும் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை சூட்டை நன்றாகத் தாங்கும்.

சார்ஜ் போடுவதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனதை நாம் மறக்கக் கூடாது. தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். வீட்டை விட்டு வெளியேறும் வழியில் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வெயிலில் வந்த வண்டி ஆறிய பிறகு பிளக்கைச் சொருகுங்கள். வெள்ளத்தில் நின்ற பேட்டரியை மெக்கானிக் பார்க்காமல் தொட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் அதை உறுதி செய்திருந்தால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் எதுவும் வேண்டாம். அப்படிச் சோதிக்கும் நிலையங்களில் ஒன்று நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழின் நகலைக் கடையில் கேட்டு வாங்குங்கள். "லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும் சார்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டினால் இந்த விலக்கு போய்விடும், பாதுகாப்பும் போய்விடும். பில்லில் ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள். மின் வாகனங்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ஹெல்மெட்டும் வேண்டாம் என்று ஆகிவிடாது. விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். எழுபது வயதுவரை உள்ளவர்களுக்கு பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு, பாங்க் கணக்கு மூலமே கிடைக்கிறது.

யாருக்கு இந்த வண்டி வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கண்புரை முற்றியவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். மூன்றாவது சக்கரம் நிற்க உதவும், பார்க்க உதவாது. கண்புரையை எடுத்த பிறகு தைரியமாக ஓட்டலாமே!

நடக்கவே இயலாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தகுதி உள்ளவர்களுக்கு அரசே மோட்டார் பொருத்திய வாகனங்கள் வழங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மையத்தில் பிறந்த நியோபோல்ட், வீல்சேரோடு இணைந்து அதையே சாலையில் ஓடும் வண்டியாக்குகிறது. அதன் வேகமும் 25 கிலோமீட்டர்தான். அவர்களுக்கு ஏற்றதைத் தேடாமல், கிடைத்ததை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, "எங்கெல்லாம் தனியாப் போகணும்னு ஆசை?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடங்களை எழுதிக்கொண்டு, அந்தத் தூரங்களை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். பள்ளம், சரிவு, திருப்பம் எல்லாம் கண்ணில் படும். பிறகு அவர்களைக் கடைக்கு அழைத்துப் போங்கள். வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஓட்டி முடித்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். விலை கூடுதலாகத் தெரிந்தால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு வண்டி வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம், சந்தை நாட்களை மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே வாங்கி ஓட்டுகிறவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்தச் சாலை, எது வசதி, எது சிரமம் என்று விவரமாக எழுதுங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு வீட்டுக்கு வழிகாட்டும். வயதானால் வீட்டோடு இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாற்ற வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாம்தான். வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர்களிடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்