மேடையா, வகுப்பா?

நாட்டிய ஆசிரியர் ஒருவர் அயல்நாடு சென்று திரும்பினார் என்றால் நாம் கேட்கும் முதற் கேள்வி, "அங்கே எத்தனை மேடை கிடைத்தது?" என்பதுதான். அடுத்த கேள்வி, "வெள்ளைக்காரர்கள் எப்படிப் பாராட்டினார்கள்?" அங்குள்ள கலைப் பள்ளிகளில் அவர் என்ன கற்பித்தார், யாருக்குக் கற்பித்தார், எத்தனை நாள் கற்பித்தார் என்று கேட்போர் மிகச் சிலர். கேட்கத்தக்கது அது ஒன்றே என்பது என் கருத்து. நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இம்முறையும் நாட்டிய ஆசிரியர் ஒருவரை அழைக்க இருக்கிறோம். ஆகவே இது வெறும் பழங்கதைப் பேச்சன்று.

பாலசரஸ்வதி அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1918-இல் சென்னையில் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. கந்தப்பப் பிள்ளையின் மாணவி. ஏழாம் வயதிலே காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். 1961-இல் டோக்கியோவில் ஆடினார். 1962-இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார். மறு ஆண்டு எடின்பரோ விழா. இவையெல்லாம் மேடைகள், இவற்றைப் புகழ்ந்து எழுதியோர் பலர். நான் சொல்ல வந்தது வேறு. அதே 1962-இல், கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்னும் சிற்றூரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அம்மையார் தங்கிக் கற்பித்தார். அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர் ராபர்ட் பிரௌன் என்னும் இசைப் பேராசிரியர். இவர் முன்பே சென்னைக்கு வந்து, அம்மையாரின் தம்பி ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்றவர். அழைத்தவரே மாணவராக இருந்தவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். யாரை அழைக்கிறோம், எதற்காக அழைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மையார் தனியாகவும் போகவில்லை. அவரோடு இசையும் போயிற்று. ஆடிக்கொண்டே பாடுவது அவர் குடும்பத்து வழக்கம். பதத்தின் ஓர் அடியைத் தாமே பாடி, அதே அடிக்குப் பத்து விதமாகப் பொருள் காட்டுவார். பாட்டு வேறு ஆட்டம் வேறு என்று பிரிக்க அவரிடம் இடமில்லை. எனவே மாணவருக்கு அடவு மட்டும் போதாது. பாட்டும் வேண்டும், தாளமும் வேண்டும். ரங்கநாதன் 1963-இல் அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்க ஆசிரியராக அமர்ந்தார்; 1987-இல் மறையும் வரை அந்தத் தொடர்பு நீங்கவில்லை. இன்னொரு தம்பி, புல்லாங்குழல் விசுவநாதன், பின்னர் 1975 முதல் அங்கே கற்பித்தார். அவர் மறைந்தது 2002-இல். ஒரு குடும்பம் ஓர் ஊரில் நாற்பது ஆண்டு விதை தூவியது. இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நவராத்திரிக்குக் கச்சேரி வைக்கிறார்கள்.

விளைந்தது என்ன? ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் அங்கே மாணவராக இருந்தார். பின்பு சென்னைக்கு வந்து விசுவநாதனிடம் பாடம் கேட்டார். தியாகராசர் ஆராதனையில் பாடினார். நம்மவர் அவரை "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்றே அழைத்தனர். பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பிறவித் தமிழர் அல்லர். ஆயினும் சொல்லின் பொருள் அறிந்து பாடினார். இங்கே நம் நிலை என்ன? தில்லியிலும் கல்கத்தாவிலும் பிறந்து வளர்ந்த நம் சங்கத்துத் தங்கையர் சிலர், முத்துத்தாண்டவர் பதத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து ஆடுகிறார்கள். கை ஒரு பொருள் சொல்கிறது, முகம் வேறொன்று சொல்கிறது. குற்றம் அவர்களுடையதன்று. நாம் அவர்களுக்கு ஆசிரியரைத் தருவதில்லை; ஒலிப்பதிவைத் தருகிறோம்.

இதைத் தமிழ் வெறி என்று எவரும் கொள்ள வேண்டா. அம்மையார் பெரும்புகழ் பெற்றது கண்ணனை அழைக்கும் கன்னடப் பாட்டில். தெலுங்குப் பதங்கள் அவருக்குக் கைவந்தவை. எம்மொழியாயினும் பொருளறிந்து ஆடினார் என்பதே செய்தி.

"வெளிநாட்டார் மதித்தார்கள், நாம் மதிக்கவில்லை" என்று கண்ணீர் விடுவோரும் உண்டு. இது பாதி உண்மை. சென்னை இசைக்கழகம், அதாவது மியூசிக் அகாதெமி, 1953-இல் அவரை ஆசிரியராகக் கொண்டு நாட்டியப் பள்ளி தொடங்கியது. 1955-இல் சங்கீத நாடக அகாதெமிப் பரிசு வந்தது. 1973-இல் சங்கீத கலாநிதி ஆனார். ஆயினும் அவர் பிறந்த குலத்தை ஊர் எவ்வாறு நோக்கியது என்பதையும் மறைக்கலாகாது. 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த சட்டம் நியாயமானதே. சிறு பெண்களைக் காக்க எழுந்த சட்டம் அது. ஆனால் வழக்கத்தை வெறுத்தவர் பலர், அக்குடும்பங்களின் கலையையும் கூடவே வெறுத்தனர். பின்பு அதே கலையைத் தூய்மைப்படுத்தியதாகச் சொல்லி மேடையேற்றினர்! அமெரிக்க மாணவனுக்கு இந்த முன்கதை இல்லை. அவன் கண்டது ஓர் ஆசிரியரை, உட்கார்ந்து கற்றான்.

இனி நம் ஆண்டு விழாவுக்கு வருவோம். அழைக்கப்படும் ஆசிரியர் காலை ரயிலில் இறங்குகிறார். மாலையில் பத்து நிமிடம் கேட்கிறோம்; தில்லானா மட்டும் போதும் என்கிறோம், அதுதான் விறுவிறுப்பு என்பதால். இரவு ரயிலில் பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறோம். 1975-இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் பேசிய அம்மையார், கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணத்தின் வழியே உள்ளே சென்றால் பதம் கருவறை. நாம் கோபுரமும் பாராமல், கருவறையும் காணாமல் திரும்புகிறவர்கள்.

பணம் இல்லையே என்பார் செயலாளர் அண்ணன். சென்ற விழாவின் வரவுசெலவுத் தாளை எடுத்துப் பாருங்கள்: விளக்கு வாடகை, மேடை அலங்காரம், பந்தல். இவற்றில் பாதியைக் குறைத்தால் ஆசிரியர் ஒருவரையும் மிருதங்கக்காரர் ஒருவரையும் பத்து நாள் விருந்தினர் விடுதியில் வைத்துக்கொள்ளலாம். காலையில் அரைமண்டியும் தட்டடவும். மாலையில் ஒரே ஒரு பதம், சொல் சொல்லாக. பத்தாம் நாள் அவர்கள் ஆட விரும்பினால் ஆடட்டும், விரும்பாவிட்டால் வேண்டா. தேர்வு இருக்கிறதே என்பார் சிலர். தேர்வு திசம்பரில், நான் கேட்பது ஆவணியில்.

அடுத்த செயற்குழுவில் இதை முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். ஆட வருபவர்கள் மட்டுமல்ல, பாடத் தெரிந்தவர்களும் பெயர் கொடுங்கள். பாட வராவிட்டால் தட்டுக்கழி பிடித்துத் தாளம் தட்டக் கற்றுக்கொள்ளலாம். அதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது.