சாணக் கரைசலுக்கு ஏற்ற பம்பு

சாண எரிவாயுக் கலம் வைத்திருக்கும் குடியானவர்களில் சிலர், கரைசலை வயலுக்கு அனுப்பக் கிணற்றுப் பம்பையே திருப்பி வைத்துக்கொள்கின்றனர். கையிலுள்ள யந்திரம் போதுமே, புதுச் செலவு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். இது சிக்கனம் ஆகாது.

கிணற்றுப் பம்பு, சக்கரத்தின் வேகத்தால் ஜலத்தை வீசித் தள்ளுவது. குழம்பான பொருள் அவ்வேகத்தை விழுங்கிவிடும். இறைப்புக் குறையும், மோட்டார் இழுக்கும் மின்சாரமோ கூடும். வைக்கோல் சுற்றிக்கொண்டால் சக்கரமே நின்றுபோகும். வடிகட்டி நீர்க்கச் செய்த கரைசலுக்கு அப்பம்பு போதுமென்பது மெய்யே. ஆயினும் சாணமும் ஜலமும் சம அளவாகக் கலந்த குழம்புக்குத் திருகுப் பம்பே தகுதியானது. பிரான்சு தேசத்து ரெனே முவானோ 1930-ஐ ஒட்டி வகுத்த இப்பம்பில், ரப்பர் உறைக்குள் இரும்புத் திருகு மெள்ளச் சுழன்று குழம்பைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துகிறது.

இங்கே கிணற்றடிப் பழக்கமே பெருந்தீங்கு செய்யும். வெளிக்குழாய் வால்வை மூடிவைத்து ஓட்டத் தொடங்குவது கிணற்றுப் பம்புக்கு நல்லது. திருகுப் பம்பில் அவ்விதஞ் செய்தால், போக்கிடமின்றி அழுத்தம் ஏறிக் குழாயேனும் பம்பேனும் உடையும். வால்வைத் திறந்த பின்னரே ஓட்டவேண்டும். அழுத்தம் மிகும்போது தானே திறந்துகொள்ளும் காப்பு வால்வும் அவசியம். கரைசலின்றி ஓடவிட்டால் ரப்பர் விரைவில் கருகிவிடும். அதை மாற்றுவது அற்பச் செலவன்று.

குழாயில் கஞ்சத்தனம் கூடாது. எண்ணெய் போன்ற தடித்த திரவம் மெதுவாய் ஓடுங்கால், ஒரே அளவு இறைப்புக்கு உள்விட்டத்தை இரட்டித்தால் உராய்வினால் இழக்கும் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகும். கலக்கக் கலக்க இளகும் சாணக் கரைசலில் அவ்வளவு லாபமில்லை. இருப்பினும் அகன்ற குழாயின் விலை வீண்போகாது. உறிஞ்சு குழாய் குட்டையாயிருத்தல் வேண்டும். நிலம் சரிவாயிருப்பின், தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே திறந்த வெளியில் பம்பை வைத்துக் கரைசல் தானே வந்து சேரும்படி செய்தல் உத்தமம்.

பம்பைக் குழிக்குள் இறக்கி வைப்பதோ பிராணாபத்து. அடைப்பெடுக்க ஆள் உள்ளே இறங்கவேண்டி வரும். கரைசல் கலங்குகையில் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு கிளம்பும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றங்கூடத் தெரியாது. விழுந்தவரைத் தூக்கச் சென்றவரும் அங்கேயே மாள நேரிடும். ஆதலின் புதிய கலங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள், உறிஞ்சு குழாயை மேலிருந்தே கழற்றி அடைப்பெடுக்க முடிகிறதா என்பதை முதலில் கேட்பது நலம். பம்பின் விலையை விசாரிப்பது அதற்குப் பிறகு.