அணி மாறினால் துரோகியா?



நம்ம வடசென்னையில் கால்பந்து ரசிகர்கள் அதிகம். அணி தோத்தா கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அணி மாறியவரை ‘துரோகி’ என்று ஊளையிடுவது நியாயமா?

சென்னையின் எஃப்.சி.யைப் பாருங்கள். 2019 டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தார். பட்டியலில் கீழே கிடந்த அணி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை போனது. சில மாதத்திலேயே அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். 2021-22ல் அந்த அணி லீக் கேடயம் வென்றது. நம்ம அணியோ வரிசையாக மூன்று சீசன் எட்டாவது இடம்! வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் 2023-ல் அதே காயில் நம்ம அணிக்கே திரும்பி வந்தார். அடுத்த வருஷம் பிளே-ஆஃபுக்கும் கொண்டு போனார். துரோகி என்று கத்தியவர் அப்போ எந்த முகத்தோடு கைதட்டுவார்? அவர் வந்த அதே 2023-ல் கேப்டனாக இருந்த அனிருத் தாபா மோகன் பகானுக்குப் போனார். வருவதும் போவதும் விளையாட்டில் சகஜம்.

துறைமுகத்திலும் கம்பெனியிலும் வேலை பார்க்கும் நம்ம பெரியவங்க, நல்ல சம்பளம் கிடைத்தால் வேறு இடம் போறாங்க. அவங்களை யாராவது துரோகி என்கிறோமா? பயிற்சியாளருக்கும் அது வேலைதானே!

டிக்கெட் வாங்கியவர் ‘சரியா ஆடு’ன்னு கத்தலாம். அது உரிமை. அசிங்கமாகத் திட்டுவது உரிமை இல்லை. நம்ம ஏரியா டோர்னமென்டிலும் வேற டீமுக்குப் போன அண்ணன் பந்தைத் தொட்டாலே ஊளைதான். அதைக் கேட்கிற சின்னப் பசங்களுக்கு விளையாட ஆசை வருமா?

அடுத்த மேட்சில், போனவர் கோல் போட்டாலும் கைதட்டுவோம். நம்ம பள்ளியே இதைத் தொடங்கி வைக்கட்டும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி