பல் போனால் போகட்டுமா?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது, உழைக்கும் பலமும் போகிறது.

நெல்லிக்குப்பம் ஆலைத் தொழிலாளியும் காட்டுமன்னார்கோயிலில் நடவு நடும் பெண்ணும் பல்வலி வந்தால் என்ன செய்கிறார்கள்? கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே!

சொத்தைப் பல்லாவது வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஈறு வியாதியோ பெரும்பாலும் வலிக்காமல் வளரும். பல்லடியில் படியும் அழுக்கு காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் கசிகிறது. பிறகு எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. சர்க்கரை வியாதி இருந்தால் ஈறு விரைவில் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம். பீடி குடிப்பவருக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். வியாதி மறைந்திருந்து வளரும். வாயில் அடக்கும் புகையிலை புற்றுநோயே தரும்.

ஆகவே தோழர்களே, ரத்தம் கண்டவுடன் வைத்தியரிடம் காட்டுங்கள். செங்கல்தூளை விட்டு, புளோரைடு பற்பசையால் இரு வேளை துலக்குங்கள்.

சிதம்பரத்தில் 1980ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் போராட்டத்திற்குப் பிறகு 2021ல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்தது. அது மக்கள் சொத்து, தயங்காமல் போங்கள். ஆனால் தூரத்துக் கிராமத்துக்காரருக்கு அங்கே போய்வர ஒரு நாள் கூலி நஷ்டம். அதனால்தான் நாம் கோருகிறோம்: கடலூர் மாவட்டத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் வைத்தியர் வேண்டும், வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும் பார்க்க வேண்டும். கூலியா, பல்லா என்று உழைப்பாளியைத் தேர்ந்தெடுக்க வைப்பது அநியாயம்!